இரணைதீவுக்குப் போன பட்டியல்

பட்டியலில் இருபத்தேழு விடயங்கள் இருந்தன. முதலாவது, உயிர்காப்பு அங்கிகள் எட்டு. இரண்டாவது, குடிதண்ணீர்க் கான்கள் மூன்று. மூன்றாவது, எல்லோருடைய அடையாள அட்டைகளின் பிரதிகள். இப்படியே போய், குப்பையைத் திரும்பக் கொண்டுவருவதற்குப் பெரிய பைகள் இரண்டு என்று இருபத்தேழாவதில் முடியும். மறுபக்கத்தில் நேர அட்டவணையும் நானே வரைந்த கடல்வழிப் படமும். கிளிநொச்சியில் ஒரு கடையில் கொடுத்து அதை லமினேட் செய்து, மூலையில் துளையிட்டு, நைலோன் கயிறு கோத்து வைத்திருந்தேன். வீட்டில் தண்ணீர் வாளிக்குள் போட்டுப் பரிசோதித்தும் பார்த்தேன். மிதந்தது.

நான் நில அளவை படித்தவள். எங்கள் வீடு இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. வாய்க்கால், வரம்பு, காணி எல்லை, இவைதான் என் தொழில். கடலோடு எனக்கு ஒரு சொந்தமும் இருந்ததில்லை. கடல் எனக்குத் தோழி வழியாகத்தான் வந்தது.

அவளும் நானும் ஒரே தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தோம். நான் அளவை, அவள் படகு இஞ்சின் திருத்தும் பாடநெறி. அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். முழங்காவிலுக்கு அப்பால், கரையோரத்தில் அவளுடைய ஊர். படிப்பு முடிந்ததும் வீட்டின் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு வேலை தொடங்கினாள். ஆரம்பத்தில் இஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “அப்பா இல்லையோ பிள்ளை?” என்று கேட்டார்கள். “அப்பாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. இஞ்சினுக்கு என்ன வருத்தம் எண்டு சொல்லுங்கோ” என்பாள். இரண்டு வருடத்துக்குள் நாச்சிக்குடாவிலிருந்தும் இஞ்சின்கள் வரத் தொடங்கிவிட்டன. இதை நான் எங்கே போனாலும் சொல்லுவேன். இங்கேயும் சொல்லிவிட்டேன்.

பிறகு அவள் ஒரு பழைய பைபர் படகை வாங்கினாள். கழித்துவிட்ட இரண்டு இஞ்சின்களின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கிப் பூட்டினாள். மீன் பிடிக்க அல்ல. இரணைதீவுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட.

இரணைதீவு என்பது பெரியதீவும் சின்னதீவும். கரையிலிருந்து படகில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைய. அவளுடைய ஊர்ச் சனத்தின் சொந்த மண் அது. போரில் இடம்பெயர்ந்து, பல வருடங்கள் அங்கே போக முடியாமல் கரையில் இருந்தவர்கள், திரும்பிப் போய் வாடி போட்டுத் தொழில் செய்யத் தொடங்கியிருந்தார்கள். வாடி என்றால் கடற்கரையில் தென்னோலைக் கிடுகால் கட்டிய தொழில் குடிசை. முருகைக்கல் என்ற பவளப்பாறைக் கல்லால் கட்டிய பழைய வீடுகள், மாதா கோயில், ஆட்கள் இல்லாத காலத்தில் தாமாகப் பெருகிக் காட்டு மாடாகிப்போன மாடுகள், பங்குனி வரை நிற்கும் பூநாரைகள், தெளிந்த தண்ணீருக்குள் முருகைப் பார்கள். “இதைப் பாக்க ஆக்கள் எங்கெங்கையோ வெளிநாட்டுத் தீவுக்குப் போகினம். இஞ்சை வரமாட்டினமே?” என்று அவள் கேட்டபோது எனக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. நான் பட்டியல் எழுதத் தொடங்கினேன்.

ஆனால் அந்தக் கடலில் சங்கத்தின் சம்மதம் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. கடற்றொழிலாளர் சங்கக் கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. அவள் எழுந்து தன் திட்டத்தைச் சொன்னாள். ஆண்கள் பலர் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்த்துப் பேசியவர் ஒரு பெண். பெரியதீவில் வாடி போட்டு நண்டு வலை போடுபவர். என் அம்மாவின் வயது இருக்கும். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் மாமி. எனக்கும் அன்றிலிருந்து மாமி.

“படம் எடுக்கிறவை பூந்து பாக்க எங்கட கடல் என்ன சந்தையோ?” என்று மாமி கேட்டார். “நீ கெட்டிக்காரி, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. இஞ்சினைத் திருத்து. கடலை ஏன் திருத்த வெளிக்கிடுறாய்?”

மண்டபம் சிரித்தது. தோழியும் சிரித்தாள், ஆனால் உட்காரவில்லை.

நெடுநேரக் கதைக்குப் பிறகு ஒரு முடிவு வந்தது. ஒரே ஒரு பயணம் போய்ப் பார்க்கலாம். அந்தப் பயணத்தில் யாருடைய வலைக்காவது சேதம் வந்தாலோ, தொழில் செய்கிற ஒருவர் முறையிட்டாலோ, அத்தோடு சரி. அவளுடைய அலுமாரியில் அப்போது ஒரு கடிதம் இருந்தது. கொழும்பில் இஞ்சின் விற்கும் ஒரு நிறுவனம் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். பயணம் சரிவந்தால் ஊரிலே, தன் படகிலே தொழில். சரிவராவிட்டால் கொழும்பு. வீட்டில் எல்லோரும் கொழும்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை. பறவை பார்க்கும் ஆறு பேர் கொழும்பிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களுக்கு மூத்தவர் ஓய்வுபெற்ற ஒரு வைத்தியர். இளையவள் பெரிய கமராவைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த ஒரு பெண். முதல்நாள் கிளிநொச்சியில் தங்கியவர்கள், காலையில் பரந்தனில் தேத்தண்ணீர் குடிக்க நின்றதில் நாற்பது நிமிடம் பிந்திவிட்டார்கள். என் அட்டவணையில் தேத்தண்ணீருக்கு இடம் விடப்பட்டிருக்கவில்லை.

பிந்தினால் என்ன என்று கேட்கலாம். தீவின் இறங்குதுறையில் அன்றைக்குக் காலை எட்டரைக்குப் பிறகு தண்ணீர் வற்றிவிடும். பிறகு இடுப்பளவு, முழங்காலளவு என்று தண்ணீருக்குள் இறங்கி நடக்க வேண்டும். அறுபத்தெட்டு வயது வைத்தியரை அப்படி நடக்கவிட நான் விரும்பவில்லை. அட்டவணையின் பிரதி அவர்கள் கையிலும் இருந்தது. எழுதிக் கொடுத்ததைச் செய்ய வேண்டும் என்பது எனக்குள் இருக்கிற ஒரு குணம்.

தோழி பெற்றோலில் இஞ்சினைத் தொடக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“தெற்கால சுத்திப் போவம். இந்தப் பக்கம் வலை இறக்கியிருக்கினம் எண்டு ஒரு கதை.”

நான் படத்தைக் காட்டினேன். முந்தின மாதம் அவளோடு ஒத்திகைக்குப் போனபோது ஜிபிஎஸ்ஸில் ஒவ்வொரு புள்ளியாகப் பதிந்து வரைந்த நேர்கோடு அது. அன்றைக்கு அந்தக் கோட்டில் ஒரு வலை மிதப்பும் இருக்கவில்லை என்றேன்.

“நண்டு ஒரு இடத்தில நிக்காதடி.”

“சுத்தினால் இன்னும் இருபது நிமிசம் போகும்” என்றேன்.

அவள் ஆறு பேரையும் ஒருமுறை பார்த்தாள். அவர்கள் முன்னால் நாங்கள் இருவரும் தர்க்கப்பட அவள் விரும்பவில்லை என்று நினைக்கிறேன். “சரி. அப்ப நீ அணியத்தில இரு. கண்ணை எடுக்காதை” என்றாள்.

அணியம் என்பது படகின் முன்மூக்கு. பின்னால் இஞ்சினைப் பிடித்திருப்பவருக்கு முன்னால் தண்ணீரில் கிடக்கிற சின்ன மிதப்புகள் தெரியாது. அணியத்தில் இருப்பவர்தான் அவருடைய கண். கையை இடப்பக்கம் நீட்டினால் இடப்பக்கம், வலப்பக்கம் நீட்டினால் வலப்பக்கம். அணியத்தில் இருப்பவர் பின்னால் திரும்பக் கூடாது என்பது அந்தக் கரையில் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் தெரிந்த விடயம். எனக்கும் சொல்லப்பட்டிருந்தது. பட்டியலில் நான் அதை எழுதவில்லை, அவ்வளவுதான்.

அரை மணித்தியாலம் ஒழுங்காக இருந்தேன். பிறகு வைத்தியர் ஏதோ கேட்டார். நான் பாதி திரும்பிப் பதில் சொன்னேன். அடுத்தவர் ஒன்று கேட்டார். சாதாழை என்கிற கடற்புல் தரைகளைப் பற்றி விளங்கப்படுத்தத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் கடலுக்கு முதுகைக் காட்டி, ஒரு வகுப்பறையில் நிற்பவளைப் போல முழுதாகத் திரும்பி இருந்துவிட்டேன். அப்போதுதான் அவர்களின் தலைக்கு மேலால், வடக்கே, ரோசா நிறத்தில் ஒரு கோடு எழும்பியது. “பூநாரை” என்று கையைக் காட்டினேன். ஆறு பேரும் எழுந்து நின்றார்கள். தோழிக்கு முன்பக்கம் முழுதாக மறைந்தது.

இஞ்சின் தொண்டையில் முள் சிக்கியதைப் போல இருமி நின்றது.

அவள் இஞ்சினைத் தூக்கிப் பார்த்தாள். விசிறியில் பச்சை நைலோன் வலை இறுகச் சுற்றியிருந்தது. எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீரில் குதித்தாள். நெஞ்சளவு ஆழம். சிறு கத்தியோடு அவள் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து எடுத்தாள். வலையின் மேற்கயிறு இரண்டாக அறுந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு பாய் அளவுக்குக் கண்ணிகள் கிழிந்திருந்தன. பக்கத்தில் மிதந்த ரிஜிபோம் மிதப்பில், வலைக்காரரின் அடையாள நிறமாக, நீலமும் மஞ்சளும் தீட்டியிருந்தது. யாருடைய நிறம் என்று நான் கேட்கவில்லை. தோழியின் முகத்தில் அது தெரிந்தது.

“மாமியின்ர” என்றாள், என் பக்கம் மட்டும் கேட்கும்படி.

வைத்தியர் நல்ல மனிதர். எங்களுக்கு என்ன வரப்போகிறது என்று அவருக்கு விளங்கியிருந்தது. காலையில் கரையிலே சங்கத்தின் நிபந்தனையைத் தோழியே சொல்லியிருந்தாள். அவர் தணிந்த குரலில், “ஒருவரும் பார்க்கவில்லைதானே மகள்? நாங்களும் சொல்லப்போவதில்லை” என்றார்.

“கடலில ஆரும் பாக்கிறதில்லை, ஐயா. அதுக்குத்தான் சொல்லுறது” என்றாள் அவள்.

அந்தக் கடலில் ஒரு வழக்கம் இருக்கிறது. தெரியாமல் ஒருவரின் வலையை அறுத்துவிட்டால், அறுந்த இரண்டு நுனியையும் சேர்த்துக் கட்டி, முடிச்சில் தன்னுடைய அடையாளம் ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும். தன் நிற மிதப்பு, இல்லாவிட்டால் படகின் எண் எழுதிய பலகைத் துண்டு. வலைக்காரர் வந்து தூக்கும்போது யாரைத் தேடுவது என்று தெரிய வேண்டும். ஆனால் எங்கள் படகு தொழில் படகு அல்ல. எங்களுக்கு நிறமும் இல்லை, மிதப்பும் இல்லை. அவள் தண்ணீருக்குள் நின்றபடி படகைச் சுற்றிப் பார்த்தாள். அவளுடைய கண் என் கழுத்தில் தொங்கிய பட்டியலில் நின்றது. அதன் தலைப்பில் படகின் பெயர், எண், எங்கள் இருவரின் தொலைபேசி இலக்கங்கள், எல்லாம் பெரிய எழுத்தில்.

“அதைத் தா.”

ஒரு கணம் தயங்கினேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பிறகு கழற்றிக் கொடுத்தேன். அவள் அதை முடிச்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். படகு விலகியபோது, என் இருபத்தேழு விடயங்களும் வெயிலில் மினுங்கிக்கொண்டு நடுக்கடலில் மிதந்தன.

இறங்குதுறைக்குப் போனபோது தண்ணீர் வற்றியிருந்தது. எல்லோரும் நடந்தார்கள். வைத்தியர் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தார்.

தீவில் இறங்கியவர்கள் முதலில் மாதா கோயிலுக்குப் போக வேண்டும். யாராக இருந்தாலும் சரி. தோழி ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். நான் சைவக்காரி; நானும் ஒன்று கொளுத்தினேன். பிறகு அவள் நேரே மாமியின் வாடிக்குப் போனாள். மாமி தானே வந்து கண்டுபிடிப்பதற்கு முன் தான் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். நடுக்கடலில் தொலைபேசி அலை இல்லை. வாடியில் மாமியின் தம்பி மனைவி மட்டும் இருந்தார். மாமியும் தம்பியும் வலை தூக்க வெளிக்கிட்டு அரை மணித்தியாலம் ஆகிவிட்டதாம். நாங்கள் நேரே வந்தோம், அவர்கள் தெற்காலே சுற்றிப் போயிருக்கிறார்கள்.

ஆகவே மாமி எங்களைக் காண்பதற்கு முன் என் பட்டியலைக் காண்பார்.

வாடி வாசலில் தோழி கொஞ்ச நேரம் நின்றாள். கொழும்புக் கடிதத்தை நினைத்திருப்பாள். நான் அதைத்தான் நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோது அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். “ஆறு பேர் வந்து நிக்கினம். வேலையைச் செய்வம். கடைசிப் பயணமெண்டாலும் நல்ல பயணமா இருக்கட்டும்.”

அவள் அன்றைக்குக் காட்டியதைப் போல ஒருவர் ஓர் இடத்தைக் காட்டி நான் இன்றுவரை பார்க்கவில்லை. முருகைக்கல் வீடுகளின் சுவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள்; கல்லுக்குள் சிப்பியும் சங்கும் அப்படியே இருந்தன. எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எந்தக் கிணற்றுத் தண்ணீர் கறிக்கு உப்புப் போடத் தேவையில்லாதது, எந்தக் கிணறு நல்ல தண்ணீர் என்று சொல்லிக்கொண்டு போனாள். ஓர் உடைமரப் பற்றைக்குப் பின்னால் எங்களைக் குந்தவைத்து மாடுகளைக் காட்டினாள். பட்டி இல்லை, குறி இல்லை, மூக்கில் நாணயக் கயிறு இல்லை. எங்கள் வயல் பக்கத்து மாடுகள் ஆட்களைக் கண்டால் வைக்கோலுக்குத் தலையை நீட்டும். இவை தலையை நிமிர்த்தி, நாங்கள் யார் என்று கேட்பதைப் போல நின்றன. பிறகு செந்நிறத்தில் ஒரு நாம்பன் காளை முதலில் திரும்ப, எல்லாம் ஒரே தூசியாகப் போய்விட்டன.

சின்னதீவுப் பக்கம் பூநாரைகள் தரையிறங்கியிருந்தன. ஆலா, உள்ளான் என்று சின்னக் கரைப் பறவைகள் கணக்கில்லை. கமராப் பெண் சேற்றில் வயிறு பட மண்புழுவைப் போல ஊர்ந்தாள். முருகைப் பாரில் கண்ணாடி போட்டுத் தண்ணீருக்குள் முகத்தை வைத்தபோது ஓரா மீன் கூட்டம் ஒன்று என் விரல்களுக்கிடையால் போனது. பயத்தில் தோழியின் கையை நான் விடவே இல்லை. அதற்கு அப்பால், சாதாழைத் தரையில், வெறும் மணலாக நீண்டு வளைந்த ஒரு தடம் கிடந்தது. கடற்பசு மேய்ந்து போன தடம் என்று தோழி சொன்னாள். என் பையில் அளவு நாடா இருந்தது. நானும் வைத்தியரும் ஆளுக்கொரு நுனியைப் பிடித்து, தண்ணீருக்குள் குனிந்து குனிந்து அளந்தோம். ஆறு மீற்றரும் கொஞ்சமும். எத்தனையோ காணிகளை அளந்திருக்கிறேன். மாடொன்று கடலுக்கடியில் மேய்ந்த எல்லையை அளந்தது அன்றைக்குத்தான்.

திரும்பி வாடிப் பக்கம் வந்தபோது மாமி வந்திருந்தார்.

மணலில் வலை குவிந்து கிடந்தது. மாமி அதன் பக்கத்தில் நின்றார். என் பட்டியல் நைலோன் கயிற்றோடு அவருடைய கழுத்தில் தொங்கியது.

“வாங்கோ, வாங்கோ” என்றார். “எனக்கும் கழுத்தில போட மட்டை கிடைச்சிருக்கு. இனி நானும் ஒப்பீசில உத்தியோகம்.”

வாடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தோழி நேரே போய் முன்னால் நின்றாள்.

“மாமி, நான்தான் அறுத்தனான்.”

“இல்லை மாமி” என்றேன். “நேரால போகச் சொன்னது நான். அணியத்தில திரும்பி இருந்ததும் நான்.”

“ரெண்டு பேரும் அடிபடாதேங்கோ. எனக்கு ஒரு வலைதான் அறுந்தது.”

மட்டையைக் கையில் பிடித்து, வெயிலுக்குச் சரித்து, மெதுவாக வாசிக்கத் தொடங்கினார். அங்கி, தண்ணீர், அடையாள அட்டை, மருந்துப் பெட்டி, வெயில் களிம்பு, மேலதிக ஸ்பார்க் பிளக். பிறகு பார்க்க வேண்டியவை: பூநாரை, மாடு, முருகைப் பார், கோயில். ஒவ்வொன்றையும் பள்ளிக்கூடத்தில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவதைப் போல வாசித்தார். திருப்பிப் படத்தையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“வடிவா எழுதியிருக்கிறாய். தீவில நிக்கிற மாட்டை எழுதியிருக்கிறாய். இந்தக் கடலில தொழில் செய்யிற சனத்தை எங்கை எழுதியிருக்கிறாய்?”

காணி அளக்கப் போனால் நான் முதலில் செய்வது, பக்கத்துக் காணிக்காரர் எல்லோரையும் கூப்பிட்டு எல்லையில் நிற்கவைப்பது. அவர்கள் வராமல் அளவுச் சங்கிலியைக் கூட எடுக்க மாட்டேன். கடலில் அளந்தபோது அது எனக்குத் தோன்றவேயில்லை. தண்ணீரில் வேலி இல்லாதபடியால் காணிக்காரரும் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

“இந்தத் தீவுக்கு வர நாங்கள் கரையில எத்தினை வருசம் நிண்டம்” என்றார் மாமி, குரலை உயர்த்தாமல். “வந்தவை போனவை ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்லை. இனிக் கேளாமல் ஆரும் வந்தால் நான் விடன். அது நீங்களா இருந்தாலும்.”

தோழி, “ஓம் மாமி” என்றாள். பிறகு வாடிக் கூரையில் செருகியிருந்த வலை பொத்தும் ஊசியை எடுத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்து, கிழிந்த இடத்தை மடியில் போட்டாள். அறுத்தவர்தான் பொத்த வேண்டும். அதுவும் வழக்கம்தான். அவளுடைய விரல்கள் இஞ்சின் கிறீஸ் படிந்தவை, ஆனால் கண்ணி கண்ணியாக ஓடின. நானும் ஓர் ஊசி வாங்கி எதிரில் உட்கார்ந்தேன். அவள் இருபது கண்ணி முடித்தபோது நான் இரண்டில் நின்றேன். என் கண்ணிகள் எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று விரலால் அளந்து அளந்து முடிச்சுப் போட்டேன்.

“உதென்ன, காணி பிரிக்கிறியோ?” என்றார் மாமி. “கெதியாக் கட்டு. நண்டு அளந்து பாத்துக்கொண்டு வாறேல்லை.”

கமராப் பெண் கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு வந்து வலையின் மறுநுனியை இழுத்துப் பிடித்தாள். வைத்தியர் மாமியின் தம்பியோடு சேர்ந்து வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றப் பழகினார். இரண்டு தரம் கடிபட்டார். கால் முறிந்த நண்டுகளை, நண்டு வாங்குகிற கொம்பனிக்காரர் எடுப்பதில்லை. இழுபட்ட வலையில் அன்றைக்கு முறிந்தவை நிறைய. மாமி அவற்றைக் கழுவிச் சட்டியில் போட்டார். எங்களோடு கோபமா இல்லையா என்று அவருடைய முகத்திலிருந்து அறிய முடியவில்லை. அடுப்பு புகைந்தது. கழுத்திலிருந்த பட்டியலைக் கழற்றி அதாலே விசிறினார். நன்றாகப் பற்றியது.

மூன்று பேர் இருக்கும் வாடியில் பதினொரு பேர் மணலில் இருந்து சோறும் நண்டுக் கறியும் சாப்பிட்டோம். என் அட்டவணையின்படி அந்த நேரத்தில் நாங்கள் கரையில் இருந்திருக்க வேண்டும். வலை முழுவதும் பொத்தி முடிந்தபோது மணி மூன்று. மாமி அதை விரித்து, கையால் இழுத்து இழுத்துப் பார்த்தார். தோழி பொத்திய இடத்தில் அவருடைய கை நிற்காமல் போனது. என் இரண்டு முழத்தில் நின்றது. “இதை ஒரு நண்டும் தாண்டாது” என்றார். புகழ்ச்சியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வெளிக்கிடும்போது, எந்தப் பக்கத்தால் போக வேண்டும் என்று தோழி அவரிடம் கேட்டாள். அவர் மணலில் விரலால் கீறிக் காட்டினார். அப்படியே போனோம். பட்டியல் வாடியிலேயே தங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சங்கம் கூடியது. செய்தி எப்படியோ கரைக்கு வந்திருந்தது. பயணத்தில் வலை அறுந்ததாகக் கதை என்று தலைவர் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் தோழி எழுந்துவிட்டாள். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நீளத்துக்கு, யாருடைய பிழையால் என்று எல்லாவற்றையும் சொன்னாள். யாருடைய பிழை என்ற இடத்தில் தன் பெயரைச் சொன்னாள். நான் எழும்பப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அவளுடைய அம்மா என் கையைப் பிடித்து இருத்திவிட்டார். சேதம் வந்தால் அத்தோடு சரி என்று முடிவெடுத்தவர்களே அங்கே இருந்தார்கள். சேதம் வந்திருந்தது.

மாமி எழும்பினார்.

“அறுந்தது என்ர வலை. நான் வலையைத் தூக்க முதல் ஆள் ஆரெண்டு எனக்குத் தெரியும். என்ர வலை இதுக்கு முந்தி எத்தினை தரம் அறுந்தது? அதில எத்தினை பேர் அடையாளம் விட்டவை?” ஆண்கள் இருந்த பக்கத்தை ஒருமுறை பார்த்தார். சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். “இவள் விட்டவள். பொத்தியும் தந்தவள். எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் போக முதல்நாள் எங்களிட்டைக் கேட்டுத்தான் போக வேணும். அதை எழுதுங்கோ.”

“மாமிக்குக் கழுத்தில மட்டை குடுத்தபடியாத்தான்” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

“ஓமடா. உனக்கும் வேணுமெண்டால் ஒரு வலையை அறுத்துப்போட்டு வா” என்றார் மாமி.

சங்கம் சம்மதித்தது. அன்று பின்னேரம் தோழி அலுமாரியிலிருந்து கொழும்புக் கடிதத்தை எடுத்தாள். வர முடியாமைக்கு வருந்துகிறேன் என்று பதில் எழுத என்னிடம் பேனா வாங்கினாள். காரணம் என்ன போடுவது என்று கேட்டாள். சொந்தப் படகு இருக்கிறது என்று போடச் சொன்னேன். போட்டாள்.

பட்டியலில் இப்போது இருபத்தொன்பது விடயங்கள். முதலாவது, பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் தீவிலிருந்து வரும் படகுகளிடம் போய், யாருடைய வலை எங்கே என்று கேட்பது. அதற்காக ஒவ்வொரு பயணத்துக்கும் படத்தைப் புதிதாக வரைகிறேன். ஆகவே லமினேட் செய்வதை விட்டுவிட்டேன். இரண்டாவது, அணியத்தில் இருப்பவர் திரும்பக் கூடாது. எங்கள் படகுக்கு இப்போது சொந்த மிதப்பும் இருக்கிறது, செம்மஞ்சளும் வெள்ளையும். இதுவரை ஒன்றையும் எங்கேயும் விட்டுவர நேரவில்லை. பழைய பட்டியல் மாமியின் வாடியில் விசிறியாகத்தான் இருக்கிறது. போகும்போதெல்லாம் பார்க்கிறேன், ஒரு மூலை உருகிப்போயிருக்கிறது.

போன கிழமையும் போனோம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஆசிரியர் கூட்டம். நான் அணியத்தில். கடற்பசுத் தடம் பற்றித் தோழி பின்னாலிருந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள், அதை அளந்தது முன்னால் இருக்கிறவள்தான் என்பதையும் சேர்த்து. தீவை நெருங்கும்போது எனக்குப் பின்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.

“எடியே, வலப்பக்கத்தில பூநாரை. நூறுக்குக் குறையாது” என்றாள் தோழி.

“எண்ணி வைச்சிரு. பிறகு சொல்லு” என்றேன்.

எனக்கு முன்னால் மிதப்புகள் வரத் தொடங்கியிருந்தன. நீலமும் மஞ்சளும். கையை இடப்பக்கம் நீட்டினேன். படகு இடப்பக்கம் திரும்பியது.